சுக்கானுக்கு அனுமதி இல்லை

நஸ்ரியாவின் வீட்டுக்கு முதலில் வந்தது பூனை. மாப்பிள்ளை ஒன்றரை வருடம் பிந்தித்தான் வந்தார்.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு. கலியாணம் முடிந்தால் பெண் எங்கும் போவதில்லை. மாப்பிள்ளைதான் ஒரு சூட்கேசோடு வந்து சேர்வார். திருகோணமலை உட்துறைமுக வீதிக்குப் பின்னால், கப்பல் ஊதுவது கேட்கிற தூரத்தில், ஒரு ஒழுங்கைக்குள் இருக்கிறது அந்த வீடு. இரண்டு அறை, ஒரு விறாந்தை, ஒரு குசினி. உம்மாவும் வாப்பாவும் அடுத்தடுத்து மௌத்தாகி, நஸ்ரியா தன்னந்தனியாக இருந்த நாட்களில், இறங்குதுறைப் பக்கமிருந்து எலும்பும் தோலுமாக ஒரு கடுவன் பூனை வந்து குசினி வாசலில் படுத்தது. படுத்ததுதான், பிறகு அந்த வீட்டை விட்டுப் போகவேயில்லை. நடக்கும்போது வாலை ஒரு பக்கம் சாய்த்துத் திரும்புவதால் அதற்குச் சுக்கான் என்று பெயர் வைத்தாள். அழுகிற பெண்ணுக்குப் பக்கத்தில் ஒன்றும் பேசாமல் இருக்க ஊரில் எத்தனை பேரால் முடியும்? வந்த சனமெல்லாம் புத்தி சொல்லிவிட்டுப் போனது. பூனை மட்டும் வாயை மூடிக்கொண்டு கூட இருந்தது.

பிறகு ஸஜ்ஜாத் வந்தான். நல்ல பிள்ளை. தோப்பூரில் பிறந்தவன். சீனன்குடாவில் ஒரு களஞ்சியத்தின் படலையில் காவல் உத்தியோகம். உள்ளே போகிறவர்களுக்கு அனுமதித் துண்டு எழுதிக் கொடுப்பது, வெளியே வருகிறவர்களின் பையைத் திறந்து பார்ப்பது, சந்தேகமாக இருந்தால் இரண்டாம் தரமும் திறந்து பார்ப்பது. அந்தப் படலைக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று கேட்டால் அவனுக்கே தெரியாது. தெரியாத ஒன்றை இவ்வளவு கவனமாகக் காக்கிறவனுக்குச் சொந்த வீட்டைக் காக்கத் தெரியாமல் போகுமா?

அவனும் சுக்கானும் ஒருவரையொருவர் கண்டும் காணாமலும் காலம் தள்ளினார்கள். ஒரே வீட்டில் இரண்டு ஆம்பிளைகள் இருந்தால் அப்படித்தான்.

நஸ்ரியா பிள்ளைத்தாய்ச்சியானதும் அந்தப் பகுதி மருத்துவமாது நிவேதிகா வந்தாள். எல்லாரும் அவளை மிஸ் என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் வீட்டைச் சுற்றிப் பார்த்து, பூனையையும் பார்த்து, ஒரே ஒரு கட்டளை போட்டாள்.

"பூனைட மண் பெட்டியில நீங்க கை வைக்கப்படாது, தங்கச்சி. அதில இருக்கிற கிருமி வயித்துப் பிள்ளைக்குக் கூடாது. அவர் துப்புரவாக்கட்டும். ஒவ்வொரு நாளும். பூனைக்குப் பூச்சி மருந்தும் குடுங்க."

"நானா?" என்றான் ஸஜ்ஜாத்.

"வேற ஆர்? பூனையே செய்யுமா?"

மறுநாளிலிருந்து ஸஜ்ஜாத் வேலைத்தலத்துக் கையுறை, முகமூடி, முழங்கால் வரை றப்பர் சப்பாத்து எல்லாம் மாட்டிக்கொண்டு ஒரு சிரட்டையளவு மண்ணை அள்ளிக் கொட்டினான். தலைக்கவசம் போட்டான் என்று பக்கத்து வீட்டுக் கனகம்மா சொன்னாள். எனக்கு அது கொஞ்சம் கூட்டிச் சொன்னதாகத்தான் பட்டது. பிறகு விசாரித்தேன், போட்டிருக்கிறான்.

பிள்ளை பிறந்தது. பெண். றுஷ்தா என்று பெயர். தோப்பூரிலிருந்து ஸஜ்ஜாத்தின் மூத்த சகோதரி, அவன் ராத்தா என்று கூப்பிடுகிற உம்மு குல்சும் இரண்டு பெரிய பைகளோடு வந்திறங்கினாள். நஸ்ரியாவுக்கு உம்மா இல்லை அல்லவா, நாற்பது நாளும் தாயையும் பிள்ளையையும் பார்க்கிற பொறுப்பு மதினியின் தலையில். உம்மு குல்சுமுக்கு ஐந்தும் ஆண் பிள்ளைகள். அந்தக் குடும்பத்தில் பெண் பிள்ளையைக் கையில் ஏந்தியது அதுதான் முதல் தரம். ஏந்திய கையை இறக்கவே இல்லை. பிள்ளை தும்மினால் அவளுக்குக் காய்ச்சல் வரும். அவ்வளவு அன்பு. அன்பு கூடினால் வீட்டுக்குள் என்னென்ன நடக்கும் என்பதைத்தான் சொல்லப் போகிறேன்.

வந்தவள் முதலில் பார்த்தது பிள்ளையை. இரண்டாவதாகப் பார்த்தது பூனையை.

"இது இன்னும் இஞ்சயா இருக்கு?"

"இருக்கு மதினி. அது ஒண்டும் செய்யாது."

"செய்யாதோ? தூங்குற பிள்ளைட மூச்ச உறிஞ்சும், தெரியுமா உனக்கு? பால் மணத்துக்கு வந்து வாயில வாய வைக்கும். தோப்பூர்ல நடந்திருக்கு."

"ஆர்ட வீட்டில?"

"ஆர்ட வீடெண்டு கேட்டா? நடந்திருக்கு எண்டன் நான்."

இப்படி முகவரி இல்லாத வீடுகளில் நடக்கிற சங்கதிகள்தான் எப்போதும் பலமானவை. ஸஜ்ஜாத் அன்று பின்னேரமே தீர்மானம் எடுத்தான். பிள்ளை இருக்கிற அறை தடைசெய்யப்பட்ட வலயம். கதவு எந்நேரமும் சாத்தியிருக்கும். கதவில் ஒரு பலகை: "அனுமதியின்றி உட்செல்லத் தடை." மூன்று மொழியிலும் எழுதியிருந்தான். சுக்கானுக்கு மூன்றும் தெரியாது; அது போகட்டும். கதவடியில் மஞ்சள் நாடா ஒட்டினான். விறாந்தையில் ஒரு கதிரை போட்டு, ஒரு கொப்பி வைத்து, பிள்ளை பார்க்க வருகிறவர்களின் பெயரையும் வந்த நேரத்தையும் எழுதினான். தன் வாப்பாவின் தங்கச்சி, சொந்த மாமியின் பையையும் திறந்து பார்த்தான்.

"பைக்குள்ள என்ன, மாமி?"

"சுறாடா, மனே."

"சரி, போங்க."

இந்தச் சுறா விஷயத்தைக் கொஞ்சம் விளங்கப்படுத்த வேண்டும். பிள்ளைப் பெற்றவளுக்குப் பால் ஊற வேண்டுமென்றால் பால்சுறா தின்ன வேண்டும். கிண்ணியாவிலும் சரி, மூதூரிலும் சரி, இந்துச் சனங்கள் இருக்கிற ஒழுங்கையிலும் சரி, இதில் கருத்து வேறுபாடு கிடையாது. வேறு எந்த விஷயத்திலும் இந்த மாவட்டம் இவ்வளவு ஒற்றுமையாக இருந்து நான் கண்டதில்லை. ஆகவே பிள்ளை பார்க்க வருகிறவர் ஒரு சவர்க்காரப் பெட்டியோடு ஒரு பால்சுறாவும் கொண்டு வருவார். முதல் நாள் மூன்று சுறா. இரண்டாம் நாள் நான்கு. சல்லிக் கரையில் வள்ளம் இழுக்கிற இராசதுரை, நஸ்ரியாவின் வாப்பாவுக்குக் கூட்டாளி, அவர் தனியாக ஒரு கூடையே கொண்டு வந்து இறக்கினார்.

நஸ்ரியா காலையில் சுறாப் புட்டு தின்றாள். பகலில் சுறா வறையும் சோறும். பின்னேரம் சரக்குத்தூள் போட்ட சுறாக் கறி. குளிர்ப்பெட்டி நிறைந்து, அதன் கதவைக் கயிறு போட்டுக் கட்டினார்கள். மிஞ்சியதை உம்மு குல்சும் வீணாக்குவாளா? கீறி, உப்புப் போட்டு, முற்றத்தில் காய வைத்து, கையில் தடியோடு பக்கத்தில் இருந்தாள். காகத்தைத் தடியால் விரட்டலாம். சுக்கானை விரட்ட ஏலாது. அது மதில் மேல் படுத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, மற்றக் கண்ணால் தடியை எண்ணிக்கொண்டிருந்தது.

அரைகுறையாகக் காய்ந்த அந்தச் சுறாவை எங்கே வைப்பது? குசினியில் வைத்தால் பூனை எடுக்கும். விறாந்தையில் வைத்தால் பூனை எடுக்கும். அந்த வீட்டில் பூனை போக முடியாத இடம் ஒன்றே ஒன்றுதானே இருந்தது!

ஓம் பிள்ளைகள், அதேதான். உம்மு குல்சும் சுறாவை ஓலைப்பெட்டியில் அடுக்கி, பிள்ளையின் அறைக்குள் கொண்டுபோய், அலுமாரிக்கு மேலே ஏற்றி வைத்தாள். மேலே ஒரு பழைய படுக்கை விரிப்பையும் போட்டு மூடினாள். கதவைச் சாத்தினாள். எவ்வளவு புத்தி! மீனும் பத்திரம், பிள்ளையும் பத்திரம்.

மாப்பிள்ளை வந்த இரண்டு வருடமாக நஸ்ரியாவின் அறைப் பக்கம் தலைவைத்தும் படுக்காத பூனை, அன்றிலிருந்து அந்தக் கதவடியை விட்டு நகரவில்லை. மஞ்சள் நாடாவின் மேலேயே படுத்தது. கதவின் கீழ் இடைவெளியால் மூக்கை நுழைத்தது. நகத்தால் பலகையைப் பிறாண்டியது. கதவு திறந்தால் யாருடைய காலுக்குள்ளாவது புகுந்தது. ஜன்னல் கம்பியில் தொங்கிக்கொண்டு உள்ளே பார்த்துக் கத்தியது.

"பாத்தியா, பாத்தியா!" என்றாள் உம்மு குல்சும். "பிள்ளை வந்த பிறகுதான் இந்த வெறி. அதுட கண்ணைப் பார். மூச்சுக்கு வந்து நிக்குது."

"ராத்தா சொல்றது சரி," என்றான் ஸஜ்ஜாத். "இது திட்டம் போட்டுத்தான் வருது. நேரம் குறிச்சு வச்சிருக்கன். கதவு திறக்கிற ஒவ்வொரு தரமும் நிக்குது."

உம்மு குல்சும் மீனை எடுக்க அலுமாரிக்கு ஏறுவாள், இறங்குவாள், மீன் கையாலேயே பூனையை விரட்டுவாள்; பூனை விரட்டுகிற கையை நக்கப் பார்க்கும். "பிள்ளையத் தூக்கின கை எண்டு மணம் பிடிக்குது, பாவி," என்பாள். ஒரு நாளாவது அந்தக் கையை அவள் தானே மணந்து பார்த்திருந்தால் இந்தக் கதை இந்த இடத்தில் முடிந்திருக்கும்.

நஸ்ரியாவுக்கும் ஒன்றும் தெரியவில்லை. மூன்று நேரமும் சுறா தின்கிறவளுக்குச் சுறா மணம் எப்படித் தனியாகத் தெரியும்? போதாததற்கு, பிள்ளையைக் குளிப்பாட்டியதும் மதினி அறை நிறையச் சாம்பிராணி பிடிப்பாள்.

நஸ்ரியா தனியே இருக்கும்போது ஜன்னலுக்கு வெளியே பார்த்து மெதுவாகக் கேட்டாள்: "உனக்கு என்ன நடந்த, சுக்கான்? நான் உன்னை விட்டுட்டன் எண்டா இப்பிடிக் கத்துறாய்?" அவள் அப்படித்தான் நினைத்தாள், பாவம். அன்பில்தான் கத்துகிறது என்று. பூனைக்கும் அவள் மேல் அன்பு இல்லாமல் இல்லை. ஆனால் அந்தக் கத்தல் அந்தக் கணக்கில் வராது.

பதினாறாம் நாள் அது நடந்தது.

பிள்ளை பார்க்க வந்த ஒருத்தி போகும்போது கதவைச் சரியாகச் சாத்தவில்லை. பிள்ளையின் மெத்தைக்கு மேலே குடை மாதிரி விரிகிற நுளம்பு வலை இருந்தது. பூனையிடமிருந்தும் அது காக்கும் என்று எல்லாரும் நம்பியிருந்தார்கள். நஸ்ரியா கட்டிலில் இருந்து பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். சுக்கான் உள்ளே வந்தது. ஜன்னல் விளிம்பில் ஏறியது. அங்கிருந்து அலுமாரி உச்சிக்கு ஒரு பாய்ச்சல். கால் சறுக்கியது. நாலரைக் கிலோப் பூனை நேரே அந்த வலைக் குடையின் மேல் விழுந்தது. குடை அப்பளம் போல நொறுங்கித் தட்டையாகி மெத்தையோடு ஒட்டிக்கொண்டது.

மெத்தையில் பிள்ளை இல்லை. தாயின் மடியில் இருந்தது. அல்ஹம்துலில்லாஹ்.

உம்மு குல்சும் போட்ட சத்தத்தில் கனகம்மா கறி அகப்பையோடு ஓடி வந்தாள். சுக்கான் வலையில் சிக்கி, உதறிக்கொண்டு விடுபட்டு, விறாந்தையால் ஓடி, ஸஜ்ஜாத்தின் கதிரையையும் கொப்பியையும் கவிழ்த்துவிட்டு மறைந்தது.

யாரும் அப்போது சிரிக்கவில்லை. நானும் இந்த இடத்தில் சிரிக்கச் சொல்லமாட்டேன். நஸ்ரியா பிள்ளையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அந்தத் தட்டையான வலையையே பார்த்தாள். அஞ்சு நிமிஷம் முந்தி பிள்ளை அதற்குள்தான் கிடந்தது.

"இனி ஒரு கதையும் இல்லை," என்றாள் உம்மு குல்சும். "ஒண்டில் அது, இல்லாட்டி நான்."

ஸஜ்ஜாத் தீர்ப்பை வாசித்தான். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் எல்லாருக்கும் அண்ணன் முறையான ஜவ்பர் காக்காவின் ஆட்டோவில், சாக்கில் கட்டி, சல்லிக்குக் கொண்டுபோய் விடுவது. அங்கே கரையெல்லாம் மீன். பூனைக்குக் குறை இராது.

"சாக்கிலயா?" என்று கேட்டாள் நஸ்ரியா.

"காத்துப் போக ஓட்டை போடுவம்."

"எவ்வளவு இரக்கம்!" என்றாள். பூனைக்காகப் பேச வாயெடுத்தால் அந்தத் தட்டையான வலை கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. பிள்ளைக்காகப் பேச வேண்டிய அவசியமே இல்லை. அதற்கு ஊரே பேசியது. அன்று முழுக்க அவள் சோறு தொடவில்லை. சுறாவைக் காட்டக் காட்ட அழுதாள்.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு முந்தி, பிள்ளை குளிக்கவும் இல்லை, சாம்பிராணி பிடிக்கவும் இல்லை, நிவேதிகா மிஸ் பிள்ளையை நிறுக்க வந்தாள். ஸஜ்ஜாத் கொப்பியை நீட்டினான்.

"உங்கட பேர், வந்த நேரம், வந்த நோக்கம்."

"நோக்கம் உங்கட பிள்ளைட நிறை. தள்ளுங்க."

அறைக்குள் கால் வைத்தவள் அப்படியே நின்றாள். மூக்கைச் சுருக்கினாள்.

"இதென்ன, சல்லிக் கரைக்கு வந்திட்டனா நான்?"

"ஏன் மிஸ்?" என்றாள் நஸ்ரியா.

"மீன் மணம். உங்களுக்கு மணக்கேல்லையா?"

"எனக்கு எல்லாம் ஒரே மணம்தான் மிஸ், பதினெட்டு நாளா."

மிஸ் கட்டிலுக்குக் கீழே குனிந்து பார்த்தாள். கதவுக்குப் பின்னால் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து மேலே பார்த்தாள். கதிரையை இழுத்துப் போட்டு ஏறி, படுக்கை விரிப்பை ஒரு விரலால் தூக்கி, "அடக் கடவுளே," என்றாள்.

"அது என்ட சுறா!" உம்மு குல்சும் பெருமையோடு ஓடி வந்தாள். "பூனைக்குப் பயந்து பத்திரமா வச்சிருக்கன், மிஸ். இந்த அறைக்குள்ளதான் அது வராது."

நஸ்ரியா மதினியைப் பார்த்தாள். பிறகு அலுமாரியைப் பார்த்தாள். பிறகு ஜன்னல் விளிம்பிலிருந்து அலுமாரி உச்சிக்கு, அங்கிருந்து கீழே மெத்தைக்கு, கண்ணாலேயே ஒரு கோடு இழுத்தாள்.

"அது பிள்ளைக்குப் பாயல்ல," என்றாள் மெதுவாக. "மீனுக்குப் பாய்ஞ்சிருக்கு. இடையில பிள்ளைட மெத்தை."

"அதேதான்," என்றாள் மிஸ், கதிரையிலிருந்து இறங்கி. "இஞ்ச பாருங்க. மூச்சு உறிஞ்சிற பூனையை நான் இன்னும் எங்கயும் காணேல்ல. ஆனா பயப்பட வேண்டிய காரியம் இல்லாமல் இல்லை. பூனைக்கு இளஞ்சூடு பிடிக்கும். தூங்குற பிள்ளைக்குப் பக்கத்தில சுருண்டு படுக்கும். பிள்ளைக்கு முகத்தைத் திருப்பத் தெரியாது. அதனால ஒரு நிமிஷம்கூட ரெண்டையும் தனிய விடப்படாது. இந்த வலைக் குடை நுளம்புக்கு மட்டும்தான். பூனை ஏறினா அதுவே பிள்ளைட முகத்தில மூடும். கதவைச் சும்மா சாத்திச் சாத்தித் திறக்கிறதை விட்டுட்டு, கம்பிவலைக் கதவு ஒண்டு போடுங்க. காத்தும் வரும், பூனையும் வெளியில நிண்டு பார்த்துப் பழகும். நகத்தை வெட்டிவிடுங்க. இந்தச் சாம்பிராணிப் புகையும் பிள்ளைட நெஞ்சுக்குக் கூடாது, அதையும் நிப்பாட்டுங்க."

"சாம்பிராணியுமா?" உம்மு குல்சும் நெஞ்சில் கை வைத்தாள். "அப்ப பிள்ளைக்கு நல்லது எண்டு என்னதான் மிஞ்சப் போகுது?"

"கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவிறது மிஞ்சும்."

மிஸ் பிள்ளையை நிறுத்தாள். நல்ல நிறை. "சுறாதான்," என்றாள் உம்மு குல்சும் உடனே. மிஸ் மறுத்துப் பேசவில்லை. ஒரு வீட்டில் ஒரு நாளைக்கு இவ்வளவுதான் சொல்லலாம் என்று அவளுக்குத் தெரியும்.

மிஸ் போனதும் வழக்கு மறுபடி தொடங்கியது.

"மீன் ஒரு காரணமா இருக்கலாம்," என்றான் ஸஜ்ஜாத். "ஆனா தீர்மானம் எடுத்தாச்சு. ஜவ்பர் காக்காக்கும் சொல்லியாச்சு."

"சொன்னா திரும்பச் சொல்ல ஏலாதா?"

"ஒழுங்கு எண்டு ஒண்டு இருக்கு, நஸ்ரியா."

"ஒழுங்கெண்டா ஒழுங்காப் பேசுவம்," என்றாள் அவள். பதினெட்டு நாளில் முதல் தரமாகக் கட்டிலில் நிமிர்ந்து இருந்தாள். "இந்த வீட்டுக்கு முதல் வந்தது நான். பிறகு சுக்கான். பிறகு நீங்க. பிறகு பிள்ளை. கடைசியா வந்த ஆள் முதல்ல போகட்டும்."

ஸஜ்ஜாத்தின் முகம் வெளுத்தது. "பிள்ளையையா சொல்றாய்?"

"பிள்ளைக்குப் பிறகு வந்த ஆள்."

இப்போது உம்மு குல்சுமின் முகம் மாறியது. பிள்ளைக்குப் பிறகு தோப்பூரிலிருந்து வந்தது அவள்தானே. "நான் போறன், புள்ள. நாளைக்கே போறன். எனக்கு என்ன..."

"அல்லாவே, மதினி! உங்களையா சொல்லுவன்? நீங்க இல்லாட்டி நான் எழும்பி நடந்திருப்பனா?" நஸ்ரியா அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டாள். "சுறாவைச் சொன்னனான். உங்களுக்குப் பிறகுதானே அது வந்தது."

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்தது. ஜவ்பர் காக்கா வெள்ளைச் சாரமும் தொப்பியுமாக, கையில் ஓட்டை போட்ட சாக்கோடு வந்து படலையில் நின்றார்.

"எங்க கைதி?"

"இந்தாங்க," என்று உம்மு குல்சும் ஓலைப்பெட்டியைக் கொண்டு வந்து சாக்குக்குள் கவிழ்த்தாள். குளிர்ப்பெட்டிச் சுறாவும் அதற்குள் போனது. அவள் அதைச் செய்தபோது முகத்தைப் பார்க்க வேண்டும். ஏதோ சொந்தத்தில் ஒரு ஆளை வழியனுப்புகிற மாதிரி.

"இது பூனை இல்லையே?" என்றார் ஜவ்பர் காக்கா, சாக்கைத் தூக்கிப் பார்த்து.

"தீர்ப்பு மாறிட்டு, காக்கா," என்றான் ஸஜ்ஜாத். "சுறாதான் போகுது. நீங்களே எடுங்க."

"அப்ப நல்லது. என்ட மருமகளுக்கும் இந்தக் கிழமை பிள்ளை கிடைக்கும். கிண்ணியாக்குக் கொண்டுபோறன்."

"உங்கட வீட்டில பூனை இருக்கா?" என்று அறைக்குள்ளிருந்து நஸ்ரியா கேட்டாள்.

"ரெண்டு இருக்கு. ஏன்?"

"சும்மா கேட்டனான். அலுமாரியில வைக்காதீங்க."

ஆட்டோ புறப்பட்டது. ஒழுங்கை முனையில் திரும்பும்போதுதான் நஸ்ரியா ஜன்னலால் பார்த்தாள். பின் இருக்கையில் சாக்கு. சாக்குக்குப் பக்கத்தில், பயணச்சீட்டு எடுத்த ஆள் போல நிமிர்ந்து, வாலை ஒரு பக்கம் சாய்த்துக்கொண்டு சுக்கான்.

"இஞ்சாருங்க! சுக்கான் போகுது! சுக்கான்!"

அந்தக் குரலை ஸஜ்ஜாத் அதற்கு முன் கேட்டதில்லை. பிள்ளை பெறும்போதுகூட அவள் அப்படிக் கத்தவில்லை. பூனையை நாடு கடத்தத் தீர்ப்பு வாசித்த அதே மனிதன், பள்ளிக்கு உடுத்திய வெள்ளைச் சாரத்தை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டிக்கொண்டு, உட்துறைமுக வீதியால் ஆட்டோவைத் துரத்திக்கொண்டு ஓடினான். ஜும்ஆ விட்டு வருகிற சனம் முழுக்கப் பார்த்தது. யாரோ என்ன களவு போனது என்று கேட்டார்கள். "பூனை! பூனை!" என்று கத்திக்கொண்டே ஓடினான். சிலர் உதவிக்கு எதிர்ப்பக்கமாக ஓடினார்கள்.

சந்தியில் ஜவ்பர் காக்கா வெற்றிலை வாங்க நிறுத்தியிருக்காவிட்டால் சுக்கான் கிண்ணியாப் பாலம் தாண்டியிருக்கும்.

கால் மணித்தியாலம் கழித்து ஸஜ்ஜாத் திரும்பி வந்தான். தொப்பி இல்லை. ஒரு செருப்பு இல்லை. மணிக்கட்டில் நீளமாக ஒரு கீறல். நெஞ்சோடு பூனை. இரண்டு வருடத்தில் அவன் அதைத் தூக்கியது அதுதான் முதல் தரம். பூனைக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். சங்கடத்தோடு வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது.

"துண்டு இல்லாம வெளியேறப் பார்த்தது," என்றான் மூச்சு வாங்கிக்கொண்டு. "பிடிச்சிட்டன்."

நஸ்ரியா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். "கொப்பியில எழுதுங்க."

அதன் பிறகு அந்த வீட்டில் மிஸ் சொன்னதெல்லாம் நடந்தது. மிஸ் சொன்னதனால் அல்ல. ஸஜ்ஜாத் அதையெல்லாம் தன்னுடைய யோசனை என்று நினைக்கத் தொடங்கியதனால். அறைக்குக் கம்பிவலைக் கதவு போட்டான். உட்பக்கம் ஒரு கொளுக்கி, வெளிப்பக்கம் ஒரு கொளுக்கி. பலகையைக் கழற்றினான். சுக்கானின் நகத்தை வெட்டப் போய் இன்னும் இரண்டு கீறல் வாங்கினான். பிள்ளையைச் சுற்றிக் கழற்றிய துணியை விறாந்தை மூலையில் போட்டு வைத்தார்கள், பூனைக்கு அந்த மணம் பழகட்டும் என்று. சுக்கான் அதை ஒரு தரம் மணந்தது. அதற்கு மேல் படுத்தது. அலுமாரி உச்சியில் இப்போது ஒன்றுமில்லை. கம்பிவலைக் கதவடியில் ஒரு நாள் நின்று பார்த்த பூனை, இரண்டாம் நாள் வரவேயில்லை. மதில் மேல் வெயில் நன்றாக இருந்தது.

நாற்பது கழிந்தது. பிள்ளையைக் குளிப்பாட்டி, புதுச் சட்டை போட்டு, நஸ்ரியா கட்டிலில் மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். அன்றுதான் இருவரையும் நேருக்கு நேர் சந்திக்க வைப்பது என்று முடிவு. ஸஜ்ஜாத் ஒரு பக்கம் கையில் துவாயோடு, எதற்கும் ஆயத்தமாக நின்றான். உம்மு குல்சும் மற்றப் பக்கம் ஸலவாத்துச் சொல்லிக்கொண்டு நின்றாள். கனகம்மா ஜன்னலுக்கு வெளியே நின்றாள். அவளை யாரும் கூப்பிடவில்லை.

கம்பிவலைக் கதவைத் திறந்தார்கள்.

சுக்கான் உள்ளே வந்தது. கட்டிலில் ஏறியது. எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். பிள்ளையின் காலடிக்குப் போய், பெருவிரலை ஒரு தரம் மணந்தது. றுஷ்தா காலை உதைத்தாள். சுக்கான் ஒரு கொட்டாவி விட்டது. பிறகு இறங்கி, திரும்பி, யாரையும் பார்க்காமல், விறாந்தையால் நடந்து முற்றத்துக்குப் போய்விட்டது.

அவ்வளவுதான்.

ஸஜ்ஜாத் துவாயை இறக்கினான். நஸ்ரியா அப்போதுதான் மூச்சு விட்டாள், நாற்பது நாளுக்குமாகச் சேர்த்து.

உம்மு குல்சும் மட்டும் அசையவில்லை. பூனை போன வழியையே பார்த்துக்கொண்டு நின்றாள். முகம் மெல்ல மெல்லச் சிவந்தது.

"என்ன இது?" என்றாள். "ஒரு முறைதானே பார்த்த? அதுவும் காலை மட்டும்! முகத்தைக்கூடப் பார்க்கல்ல."

"அதுக்கு வேலை இருக்கும் மதினி."

"என்ன வேலை? எங்கட பிள்ளையில என்ன குறையாம்? இந்த வடிவான பிள்ளையைப் பார்த்துக் கொட்டாவி விடுறதோ!" நஸ்ரியாவின் மடியிலிருந்து பிள்ளையை அள்ளி எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள். "டேய், சுக்கான்! ஓடாத. வா இஞ்ச. வந்து வடிவாப் பாரு!"

"மதினி, பூனைக்குக் கிட்டப் பிள்ளையைக் கீழ வச்சிடாதீங்க!"

"எனக்குத் தெரியாதா? நான் பிடிச்சிருக்கிறன். நீ படு." முற்றத்துப் படியில் இறங்கி, மதிலுக்குக் கீழே போய் நின்று, மேலே முதுகைக் காட்டிப் படுத்திருந்த பூனைக்கு நேரே உம்மு குல்சும் பிள்ளையை உயர்த்திக் காட்டினாள்.

"கண்ணைத் திற, கள்ளா. மூக்கப் பார், எங்கட உம்மாட மூக்கு."